மீன் சேனல் மைக்கேல்ராஜ்

வரியை அடித்து முடித்ததும் மைக்கேல்ராஜ் கீபோர்டைத் தள்ளி வைப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மானிட்டர் மேல் குப்புறப் போடுவார். பிறகு வலது உள்ளங்கையால் திரையில் இருக்கும் வரியை முழுக்க மூடிக்கொண்டு, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக விலக்குவார். ஒரு விரல் போனால் ஒரு வார்த்தை. அதை மட்டும் உதடசைத்துப் படிப்பார். அடுத்த விரல், அடுத்த வார்த்தை. கை முழுவதும் விலகும்வரை மூச்சு உள்ளேயே இருக்கும். நடுவில் எந்த இடத்தில் நின்று படித்தாலும் யாரையாவது குத்துகிறது என்று தோன்றிவிட்டால், நல்ல வரியாயிற்றே என்று இரக்கம் பார்க்கமாட்டார். மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வருவார்.

"முழு வரி படிக்கிறவன் சிரிச்சிட்டுப் போய்டுவான். பாதி வரி படிக்கிறவன்தான் கல்லு தேடுவான்" என்பார்.

ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் தகரக்கூரை போட்ட அறை அது. வெளியே வானத்தைப் பார்த்து வாய்பிளந்த டிஷ்கள். உள்ளே சேனலுக்கு ஒன்றாக அடுக்கிய பெட்டிகளின் சூடு. மைக்கேல்ராஜின் கேபிள் அங்கிருந்துதான் கிளம்பி, கம்பம் கம்பமாகத் தாவி, சந்துகளுக்குள் நுழைந்து, வீடு வீடாகப் போனது. வெளியூர்ச் சேனல்கள் போக, அவருக்கென்று சொந்தமாக ஒரு சேனலும் உண்டு. மதியம் ஒரு படம், திருவிழாக் காலத்தில் அம்மன் தேரோ மாதா தேரோ, அடியில் எந்நேரமும் ஓடும் ஒரு வரி. பிறந்தநாள் வாழ்த்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் தினம் ஒன்றைத் தன் சொந்தச் சரக்காகச் செருகுவார். வரி ஓட்டும் மெஷினுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். ஆகவே தமிழ் இங்கிலீஷ் எழுத்தில் ஓட, கன்னடம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அதே எழுத்தில் ஓடியது.

'நம் வார்டில் அடிக்கல் நிறைய வந்துவிட்டது. மேல்கல் எப்போது வரும் என்று விசாரிக்கவும்.' 'கார்ப்பரேட்டர் நேற்று நம் தெருவுக்கு வந்தார். தெருவுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை.' 'பழைய குழி மூடப்பட்டது. பக்கத்தில் புதிய குழி திறந்து வைக்கப்பட்டது.' இப்படி. ஜனங்கள் செய்திக்கு வேறு சேனல் பார்த்தார்கள். செய்தி முடிந்ததும் மைக்கேல்ராஜ் என்ன சொல்கிறார் என்று இங்கே வந்தார்கள்.

கன்னட வரி முனிராஜுடையது. முனிராஜ் அவருடைய லைன்மேன், கூட்டாளி, கம்பத்தின் மேலிருந்தே உலகத்தைப் பார்க்கிறவர். வீட்டில் கன்னடம், சம்சாரம் வனஜாவோடு பாதித் தமிழ், ஆட்டோக்காரர்களோடு உருது என்று மூன்றிலும் திட்டுவார். மைக்கேல்ராஜ் தமிழில் கிள்ளினால் முனிராஜ் கன்னடத்தில் கடிப்பார். வார்டு கவுன்சிலரான அந்தக் கார்ப்பரேட்டருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனாலும் கன்னட வரியைப் பார்த்துத்தான் சிரித்தார் என்று கேள்வி.

பாதி வரி பயம் மைக்கேல்ராஜுக்கு ஏட்டில் படித்து வந்ததில்லை. தொண்ணூற்றொன்றில், காவிரிக்காக ஊர் எரிந்த டிசம்பரில், அவருக்கு மாகடி ரோடு பக்கம் டி.வி. ரிப்பேர் கடை இருந்தது. பலகையில் கன்னடம் பெரிதாகவும், இங்கிலீஷ் அதைவிடப் பெரிதாகவும், தமிழ் ஒரு ஓரமாகவும் எழுதியிருந்தது. வந்தவர்கள் ஓரத்தை மட்டும் படித்தார்கள். கடையில் எரிந்தது அத்தனையும் அடுத்தவர் வீட்டு டி.வி. எதிர்க்கடையில் எலெக்ட்ரிக் வேலை பார்த்துக்கொண்டிருந்த முனிராஜ்தான் அவரைத் தன் வண்டியின் பின்னால் ஏற்றி, வாயைத் திறக்கக் கூடாது, கேட்டால் ஊமை என்று சொல்லிவிடுகிறேன் என்று எச்சரித்து, ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வழியில் மூன்று இடத்தில் மறித்தார்கள். மூன்று இடத்திலும் மைக்கேல்ராஜ் ஊமையாக இருந்தார். அவர் பேசாமல் இருந்த மிக நீண்ட பிரயாணம் அதுதான் என்று முனிராஜ் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். மைக்கேல்ராஜ் அந்த இடத்தில் மட்டும் சிரிப்பதில்லை.

இரண்டாயிரத்தில், ஜூலை முடிகிற சமயம், ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் பழைய வாசனை திரும்ப வந்தது. கன்னட தேசமே தலையில் வைத்திருந்த நடிகரைக் காட்டுக்குள் இருந்தவன் கடத்திக்கொண்டு போய்விட்டான். கடத்தியவன் தமிழ் பேசுகிறவன். பஸ்கள் பாதி வழியில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பின. ஜூடித், மைக்கேல்ராஜின் மனைவி, பிரேசர் டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். கடைகளின் ஷட்டர் இடுப்பளவு இறங்கி நின்றது: உள்ளே இருப்பவன் வெளியே ஓடவும் ஆகும், வெளியே இருப்பவன் உள்ளே ஓடவும் ஆகும். காட்டில் அந்தப் பெரியவருக்கு ஒன்று ஆகிவிட்டால் இங்கே என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது.

இரண்டாம் நாள் ரங்கா வந்தான். ரங்கா கார்ப்பரேட்டரின் ஆள். கோபமே படமாட்டான், அதுதான் அவனிடம் பயம். படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தமிழ்ச் சேனல்களைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொன்னான்.

"நான் சொல்லலை அண்ணா. ஊரு சொல்லுது. எனக்கும் அந்த சீரியல் புடிக்கும்."

அக்கம்பக்கத்துக் கேபிள்காரர்கள் எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். மைக்கேல்ராஜும் நிறுத்தினார். தமிழ் இருந்த இடங்களில் புள்ளி புள்ளியாய் இரைச்சல் வந்தது. முக்கில் இட்லிக் கடை போடும் மரகதம் மறுநாளே படியேறி வந்தாள். சேனல் வேண்டாம், சீரியலில் அந்த மருமகள் விஷத்தைக் குடித்தாளா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள். மைக்கேல்ராஜுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இரைச்சல் அவரைத் தொந்தரவு செய்தது. வீட்டுக்கு வீடு டி.வி. இரைந்துகொண்டிருந்தால் இழவு விழுந்ததுபோல இருக்கிறது என்றார். ஜூடித்தின் மீன்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மாடி அறையில் வைத்தார். மாதா தேருக்கு எடுக்கும் கேமராவை அதன் முன்னால் நிறுத்தினார். தமிழ் இருந்த இடமெல்லாம் மீன் போயிற்று. சொந்தச் சேனலிலும் மீன்தான்; இந்த நேரத்தில் எந்தப் படத்தைப் போட்டாலும் யாராவது ஒருவருக்கு அது வேறு மொழியாக இருந்தது. அடியில் வரி ஓடியது: 'மீனுக்கு எந்த மொழியும் தெரியாது. ஆகவே இந்தச் சேனல் அனைவருக்கும் பொது.'

தொட்டியில் ஒரு பெரிய ஆரஞ்சு மீன், கூடவே சுற்றும் கறுப்பு மீன்கள் சில, எப்போதும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு சாம்பல் மீன். முதல் வாரம் மைக்கேல்ராஜ் அடக்கமாகத்தான் இருந்தார். ஆனால் பேப்பர் படித்துவிட்டு மீனைப் பார்த்தால் எழுதாமல் இருக்க முடியவில்லை. காலையில் இந்த மாநிலத்து மந்திரி வாயைத் திறப்பார், மாலையில் அந்த மாநிலத்து மந்திரி வாயைத் திறப்பார், இரண்டிலும் ஒன்றும் இருக்காது. 'ஆரஞ்சு மீன் இன்று வாயைத் திறந்தது, மூடியது. அறிக்கை எதுவும் வெளியாகவில்லை.' காட்டுக்குத் தூது போனவர் திரும்பி வந்த அன்றைக்கு: 'கறுப்பு மீன் தொட்டியின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது. பேச்சில் முன்னேற்றம்.' கண்ணாடியில் ஒட்டியது பற்றி: 'சாம்பல் மீன் இன்றும் பதவியை விடவில்லை.'

ஜோகுபாளையம் சிரித்தது. பயந்துபோன ஜனங்கள் சிரிப்பது ஒரு தினுசு. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். டீக்கடைகளில் இன்றைக்கு மீன் என்ன சொல்லிற்று என்று கேட்டுக்கொண்டார்கள். மைக்கேல்ராஜின் பெயருக்கு முன்னால் மீன் சேனல் என்று ஒட்டிக்கொண்டது.

முனிராஜ் மட்டும் கன்னட வரி சொல்வதை நிறுத்திவிட்டார். கையில் கட்டிங் பிளேயரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"பேடா, வேண்டாம் மைக்கேலு. சும்மா மீனை மட்டும் காட்டு. எழுதாதே."

ஒவ்வொரு விரலாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன், எங்கே நின்றாலும் குத்தாது என்றார் மைக்கேல்ராஜ்.

"எழுத்தைப் பாத்தே. மீனைப் பாத்தியா?"

அது என்ன கேள்வி என்று மைக்கேல்ராஜுக்கு அப்போது புரியவில்லை.

முக்கில் ஆட்டோ ஸ்டாண்டு. அந்த நடிகரின் படம் போட்ட பலகையும் கொடிக்கம்பமும் உள்ள ஸ்டாண்டு. பக்கத்து டீக்கடை டி.வி.யில் நாள் முழுவதும் மீன் ஓடியது. சவாரி இல்லாத நாட்களில் டிரைவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் காலை ஆரஞ்சு மீன் அடியில் கல்லோடு கல்லாகக் கிடந்தது. அன்று மாலை காட்டிலிருந்து கெட்ட சேதி மாதிரி ஒன்று வந்தது. இன்னொருநாள் மேலே வந்து வாலை வீசி நீந்தியது. ராத்திரி ரேடியோவில் பெரியவர் நலமாக இருக்கிறார் என்று கேசட் குரல் வந்தது. மீன் எப்படியோ பெரியவரும் அப்படியே என்று யாரோ ஒருவன் வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பான். மூன்றாம் தடவையும் ஒத்துப்போனபோது யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் டீக்கடை டி.வி.க்கு யாரோ மல்லிகைச் சரம் போட்டிருந்தார்கள்.

மைக்கேல்ராஜுக்கு இதை வந்து சொன்னவள் மரகதம்தான். "தம்பி, மீனு நேத்து சரியா தின்னலையா? தெருவே அதைத்தான் பேசுது" என்றாள். அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று அவர் தேடிப் பார்த்தார். இல்லை.

அன்றைக்கே ஒரு சோதனையும் வந்தது. கேமராவுக்குப் போகும் வயர் லூஸாகிப் படம் கறுத்துவிட்டது. அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுப்பதற்குள் படியில் காலடிச் சத்தம். ஆட்டோ ஸ்டாண்டின் காக்கிச் சட்டைகள். முன்னால் நின்றவன் மரியாதையாக, ரொம்ப மரியாதையாக, "சார், மீனு இருக்குதா?" என்று கேட்டான். மைக்கேல்ராஜ் விலகி நின்று தொட்டியைக் காட்டினார். ஒவ்வொருவராக உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இறங்கிப் போகும்போது கடைசியில் போனவன் திரும்பி, நல்லா பாத்துக்குங்க சார் என்றான். சொன்னது அவ்வளவுதான். அந்தச் சொல் அறையை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு மைக்கேல்ராஜ் தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். மீனை எடுத்துவிட்டால் பெரியவர் போய்விட்டார் என்று அர்த்தம். சேனலை நிறுத்தினாலும் அதே அர்த்தம். மீன் செத்துவிட்டால், தமிழன் டி.வி.யில் வேண்டுமென்றே செத்த மீனைக் காட்டுகிறான் என்று அர்த்தம். அப்புறம் ஜோகுபாளையத்தில் எந்த வீட்டுப் பலகையின் எந்த ஓரத்தைப் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆக, காட்டில் ஒருவரையும் தொட்டியில் ஒன்றையும் உயிரோடு வைத்திருக்கும்வரைதான் தெரு உண்டு. காட்டுக்கு அரசாங்கம் பொறுப்பு. தொட்டிக்கு அவர்.

அவர் வரி எழுதுவதை நிறுத்தப் பார்த்தார். நிறுத்தினால் அதற்கும் ஓர் அர்த்தம் கற்பித்தார்கள். ஆகவே எதுவும் இல்லாத வரிகளாகத் தேடினார். குழாயில் பதினைந்து நாளாகத் தண்ணீர் வராமல் இருந்தது. தண்ணீரைப் பற்றி எழுதினால் யாருக்கும் மொழி கிடையாது என்று நினைத்து ஒன்று ஓடவிட்டார்: 'வார்டில் இப்போது தண்ணீர் உள்ள ஒரே இடம் இந்தத் தொட்டி.'

அதற்குத்தான் ரங்கா மறுபடி வந்தான். நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாம்பல் மீனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியை நகத்தால் தட்டினான். அது விடவில்லை.

"இது யாரு அண்ணா?"

மீன் என்றார் மைக்கேல்ராஜ்.

"மீனுதான். கார்ப்பரேட்டர் சார் வீட்ல எல்லாரும் பாத்து சிரிக்கிறாங்க. சாருக்கும் சிரிப்புதான்." ரங்கா எழுந்தான். "ஆனா இந்த ஏரியாவுக்கு ஒரு கேபிள் ஆள் பத்துமான்னு சார் யோசனை பண்றாரு. எனக்குன்னு ஒரு தொழில் வேணும்ல? நீங்க பெரியவங்க. நீங்களே சொல்லுங்க." பிறகு நினைவு வந்தவன்போல, நாளைக்குத் தண்ணீர் வரும், சார் சொல்லிவிட்டார் என்றான்.

தண்ணீர் வந்தது. வரி எழுதி வாங்கிய தண்ணீர் என்று தெருவில் சிலர் மைக்கேல்ராஜைக் கை கொடுத்துப் பாராட்டினார்கள். குழாயைத் திறந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மாதிரி பிளீச்சிங் பவுடர் நெடி. அவர் கவனித்திருக்க வேண்டும். ஆனால் தொட்டித் தண்ணீர் பல நாளாய் மாற்றாமல் கலங்கிப்போய், ஆரஞ்சு மீன் டீக்கடை டி.வி.யில் மங்கலாகத் தெரிகிறது என்று ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சு வந்திருந்தது. பயத்தில் இருப்பவன் சுத்தத்தைத்தான் முதலில் செய்வான். மைக்கேல்ராஜ் தொட்டியைக் கழுவி, விளிம்புவரை புதுத் தண்ணீர் நிரப்பினார். அன்று படம் கண்ணாடி மாதிரி வந்தது. வெகுநாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

தீபாவளி முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. மிச்சப் பட்டாசு எங்கேயாவது வெடித்தால், தெரு ஒரு கணம் நின்று, அது பட்டாசுதான் என்று உறுதி செய்துகொண்டு நடந்தது. தண்ணீர் மாற்றிய மறுநாள் கறுப்பு மீன்கள் செத்தன. ஒவ்வொன்றாக, கேமராவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, மைக்கேல்ராஜ் வலையால் எடுத்தார். அவரவர் வீட்டில் முதுகு தெரிந்திருக்கும். 'பராமரிப்பு' என்று வரி போட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று எடுத்துப் பார்க்க அதில் ஒரே வார்த்தைதான் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் மதியம் ஆரஞ்சு மீன் சாய்ந்து நீந்த ஆரம்பித்தது. கொஞ்சம் சாயும், நிமிரும். செவுள் அகலமாகத் திறந்து திறந்து மூடியது. அறிக்கை வெளியிடப்போவதைப் போலவே இருந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அதே அளவில், அதே நிறத்தில் இன்னொன்று வேண்டும். அதைக் கொண்டுவந்து, முதுகைக் கொடுத்து, மாற்றிவிட வேண்டும். சிவாஜிநகரில் மீன் விற்கும் கடை இருக்கிறது. போய்வர ஒரு மணி நேரம். அதுவரை இது தாங்கும் என்று அந்தோணியாரிடம் சொல்லிவிட்டு, கேமராவை ஓடவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். முனிராஜைத் தேடினார், சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஜூடித் பள்ளிக்கூடத்தில்.

கடைக்காரர் காட்டிய ஆரஞ்சு மீன்கள் எல்லாவற்றுக்கும் வாலில் வெள்ளை இருந்தது. வெள்ளை இல்லாதது வேண்டும் என்றார். கடைக்காரர் வாஸ்துவுக்கா என்று கேட்டார். மைக்கேல்ராஜ் ஆமாம் என்று தலையசைத்தார். கடைசியில் அடித்தொட்டியில் ஒன்று கிடைத்தது, கொஞ்சம் சின்னது. பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் வயிற்றின் மேல் அது துடித்துக்கொண்டே வந்தது.

ஜோகுபாளையத்துக்குள் திரும்பும்போதே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. ஷட்டர்கள் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியிருந்தன. மரகதம் இட்லிப் பானையைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போயிருந்தாள். வீடுகளுக்குள்ளிருந்து டி.வி.யின் இரைச்சல், தெரு முழுவதும் ஒரே இரைச்சல், எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி. முக்கில் டிரைவர்கள் கூட்டமாக அண்ணாந்து நின்றார்கள். டீக்கடைக்கு எதிர்க் கம்பத்திலிருந்து அவருடைய மெயின் கேபிள் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே வெட்டு. கம்பத்தடியில் ரங்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

மைக்கேல்ராஜைப் பார்த்ததும் டிரைவர்கள் வழிவிட்டார்கள். ஒருவன், மீனு நல்லா இருக்குதா சார் என்றான். நன்றாக இருக்கிறது, லைன்தான் போய்விட்டது என்றார். குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே தெரியவில்லை. சட்டைக்குள் மீன் ஒரு துள்ளல் துள்ளியது.

ரங்கா அருகில் வந்தான். "யாரோ வெட்டிட்டாங்க அண்ணா. காலம் அப்படி. விடுங்க, இனிமே இந்த லைனை நாங்க பாத்துக்கறோம்."

மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தார். ஆரஞ்சு மீன் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு தொட்டியின் நடுவில் மிதந்தது, சரியாகக் கேமராவுக்கு நேராக. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறையிலிருந்த மானிட்டரில் அது திரை நிறைய இருந்தது. அடியில் 'பராமரிப்பு' ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படம் மாடியை விட்டுக் கிளம்பி, முக்குக் கம்பம் வரை போய், அறுந்த நுனியில் நின்றுவிட்டது. மைக்கேல்ராஜ் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். தொழிலைப் பிடுங்க வந்த ரங்கா தெருவைக் காப்பாற்றிவிட்டான் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பிறகு எழுந்து, பழைய மீனை ஜூடித்தின் ரோஜாத் தொட்டியில் புதைத்துவிட்டு, புது மீனை வாளியில் விட்டார்.

முனிராஜ் அன்று மாலை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் மைக்கேல்ராஜ் அவரைக் கம்பத்தின் மேல் பார்த்தார். புதுக் கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, அறுந்த இடத்தில் வேறு லைன் கட்டிக்கொண்டிருந்தார். கீழே ரங்காவின் பையன்கள் ஏணியைப் பிடித்திருந்தார்கள்.

மைக்கேல்ராஜ் அடியில் போய் நின்றார். மேலே இருந்தவர் கீழே பார்த்தார்.

"ஹோக்லி பிடு, போனாப் போகுது மைக்கேலு" என்றார். "உசுரோட இருக்கேல்ல."

அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார் மைக்கேல்ராஜ். தெருவே கேட்கும்படி, "அன்னிக்கு என்னை ஊமையாக்கிக் கூட்டிட்டு வந்தது இதுக்குத்தானா?" என்றார். தின்ற சோற்றுக்குத் துரோகம் செய்தவன் என்றும் சொன்னார். முனிராஜ் பிளேயரை வாயில் கவ்விக்கொண்டு முடிச்சைப் போட்டார்.

நவம்பர் நடுவில் பெரியவர் காட்டிலிருந்து நல்லபடியாகத் திரும்பினார். ஊர் முழுவதும் வெடித்தது, இந்த முறை பட்டாசு என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மெல்லத் தமிழ்ச் சேனல்களும் திரும்பின, ரங்காவின் லைனில். மருமகள் விஷம் குடிக்கவில்லை என்று மரகதத்துக்குத் தெரியவந்தது. மைக்கேல்ராஜ் டிஷ்களைக் கழற்றி விற்றுவிட்டு ஓசூரில் ரிமோட் ரிப்பேர் கடை வைத்தார். கடைக்குப் பலகை வைக்கவில்லை. மாற்று மீன் பல வருடம் அவர் வீட்டில் இருந்து, முதல் மீனைவிடப் பெரிதாக வளர்ந்தது. அதைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பேப்பர் படித்துவிட்டுச் சில சமயம் மேஜை மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து, ஒவ்வொரு விரலாகத் தூக்குவார் என்று ஜூடித் சொல்வதுண்டு. அடியில் எழுத்து எதுவும் இருக்காது.

அவர் இறந்தபோது ஜோகுபாளையத்திலிருந்து நிறையப் பேர் ஓசூர் போனார்கள். முனிராஜும் வந்திருந்தார், கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையாமல் வெளிக்கேட்டிலேயே நின்றுகொண்டார். உள்ளே வந்தவள் வனஜாதான். மண் போட்டு முடித்த பிறகு ஜூடித்தின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது, அதுவரை மைக்கேல்ராஜ் வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம்.

கேபிள் அறுந்த அன்று மதியம் முனிராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வனஜா டி.வி.யில் மீன் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, மீனு மல்லாக்கப் போகுது பாருங்க" என்று சொன்னவள் அவள்தான். அவர் கை கழுவவில்லை. செருப்புப் போடவில்லை. பிளேயரை எடுத்துக்கொண்டு ஓடி, முக்குக் கம்பத்தில் ஏறி வெட்டினார். லைன்மேன் கம்பம் ஏறுவதை ஸ்டாண்டில் யாரும் கவனிக்கவில்லை. இறங்கும்போது அடியில் ரங்கா நின்றான். அவன் நாளையிலிருந்து தன் லைனுக்கு வந்துவிடச் சொன்னான், இல்லாவிட்டால் வெட்டியது யார், எதற்கு என்று ஸ்டாண்டில் சொல்லவேண்டி வரும் என்றான்.

பெரியவர் திரும்பி வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று வனஜா புருஷனிடம் கேட்டிருக்கிறாள். வெட்டினேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான், ஏன் என்று சொன்னால் மைக்கேலின் வாய் சும்மா இருக்காது, மறுநாள் டீக்கடையில் அதை ஒரு வரியாக்கிச் சொல்லிவிடுவான், மீன் செத்தது ஸ்டாண்டுக்குத் தெரிந்துவிடும் என்றாராம் முனிராஜ்.